ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள்

போன வாரம் இரண்டு இளம் ஆசிரியைகள் முத்தியால்பேட்டையில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். இருவரும் என்னிடம் பயிற்சி பெற்றவர்கள். காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்த ஆசிரியர்களைத் தயார் செய்யும் எங்கள் மையம் விழா எடுக்கிறதாம். விழா மலர் போடுகிறார்களாம். முப்பத்திரண்டு வருஷம் அந்த வளாகத்தில் குப்பை கொட்டியவள் என்பதால் நான் ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தர வேண்டுமாம். "சந்தோஷமான நினைவுகளா இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்று ஒருத்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள். காபி குடித்துவிட்டு அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அழைப்பிதழைப் படித்தேன். இருமொழிப் பயிற்சியைத் தோற்றுவித்த முன்னாள் முதல்வரின் உருவப் படத் திறப்பு. தலைமை, முன்னிலை, வாழ்த்துரை என்று பதினோரு பெயர்கள். நினைவுரை என்ற இடத்தில் என் பெயர். எல்லாம் முடிந்து, தேநீர் என்பதற்கு ஒரு வரி மேலே, பொடி எழுத்தில் "உதவி: ரோசலின்" என்று இருந்தது.

எனக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. காலையிலேயே மாத்திரை போட்டிருந்ததால் பிழைத்தேன். சந்தோஷமான நினைவு வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைகள் வேறு யாரையாவது கேட்டிருக்க வேண்டும்.

நான் படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: குழந்தை வாயால் பேச வேண்டும், கையால் பேசக் கூடாது. வாய்க்கு முன்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்து "ப" சொல்லச் சொல்வோம். சுடர் ஆடினால் சரி, ஆடாவிட்டால் மறுபடியும். பிள்ளையின் கையை எடுத்து என் தொண்டையில் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்கச் செய்வேன். கை சும்மா இருக்காமல் சைகை செய்தால் தொடைக்கு அடியில் வைத்து உட்காரச் சொல்வோம். ஒரு வருஷம் மெனக்கெட்டு ஒரு பிள்ளை "அப்பா" என்று சொல்லும். அப்பா அழுவார், நாங்கள் கைதட்டுவோம். அப்பா ஏன் ஒரு மாதமாக வீட்டுக்கு வரவில்லை என்று கேட்க அந்தப் பிள்ளையிடம் எந்த மொழியும் இருக்காது. அது எங்கள் பாடத் திட்டத்தில் இல்லை.

என் உதட்டைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்க்கும் குழந்தையின் தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்புவேன். காது கேளாதவர்கள் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. அவர்களோடு பழகுகிற எல்லோருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். மருவை வைத்து, மீசையை வைத்து, நடையை வைத்து. நமக்குப் பிடிக்கிறதா என்று கேட்பதில்லை. எனக்கு வைத்த பெயர், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாடையைப் பிடித்து வெடுக்கென்று திருப்புவது. முப்பது வருஷத்துக்குப் பிறகும் உப்பளம் தெருக்களில் யாராவது தூரத்தில் இருந்து என்னைப் பார்த்துவிட்டால் அதைத்தான் செய்து கூப்பிடுகிறார்கள். மாற்றச் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வளாகத்தில் இருந்த பள்ளிக்கும் பயிற்சி மையத்துக்கும் ஒரே முதல்வர்; அவரை எல்லோரும் மிஸ்யே என்போம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லோரும் பிரான்ஸுக்குப் போய்விட, இவர் மட்டும் இந்தப் பிள்ளைகளுக்காக இங்கேயே தங்கிவிட்டார். அதை நான் மறுக்கவில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன வட்டக் கண்ணாடி வைத்திருப்பார், பிள்ளைகள் தங்கள் வாயைத் தாங்களே பார்த்துக்கொள்ள. பிள்ளைகளிடம் பேசிப் பேசி, யாரிடமும் உதட்டை விரித்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் பேசுவார். டீ கொண்டுவருகிற ஆளிடம்கூட "சர்க்கரை வேண்டாம்" என்பதை ஆறு துண்டாகச் சொல்வார். கோபம் வந்தால் குரல் இறங்கும், உதடு இன்னும் பெரிதாக விரியும். மாட்டேன் என்று சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, டையின் முனையால் இரண்டு பக்கமும் துடைப்பார். அவர் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனால் நாங்கள் எழுந்துவிடுவோம்.

இனி ரோசலின். உப்பளத்துப் பெண். அப்பா மில் தொழிலாளி. பிறவியிலேயே காது கேட்காது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என் வகுப்பில் சேர்ந்த ஆறு வயதுக் குழந்தை. அவள் தாடையை நான் எத்தனை முறை திருப்பியிருப்பேன் என்று எனக்கு நினைவில்லை, அவளுக்கு இருக்கும். பன்னிரண்டு வருஷம் எங்களிடம் படித்து முடித்து, அதே வளாகத்து விடுதியில் சாப்பாடு பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தாள்.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்றேன். காலையில் என் வகுப்பில் "இது என் பை" என்பதைச் சொல்லத் திணறிய பிள்ளைகள் ரோசலினைச் சுற்றி உட்கார்ந்து கைகளால் வழக்கடித்துக்கொண்டிருந்தார்கள். யார் யாரை முதலில் தள்ளிவிட்டது, ஏன், யார் பார்த்தது, பொய் சொன்னால் என்ன தண்டனை. ரோசலின் நீதிபதி மாதிரி இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னாள். தோற்ற பிள்ளை மேல்முறையீடு செய்தது. ஐந்து வயது. இதெல்லாம் ரோசலின் பிற்பாடு எழுதிக் காட்டித் தெரிந்துகொண்டது, அப்போது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அந்தக் கூடத்தில் ஊமையாக நின்றது நான் ஒருத்திதான்.

அன்று ஆரம்பித்து அவளிடம் சைகை மொழி கற்றுக்கொண்டேன். அவளுக்கு எழுத்து ஆங்கிலம் நன்றாக வரும். நாங்கள் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. டிவியில் ஆங்கிலப் படங்களுக்குக் கீழே ஓடும் வரிகளைப் படித்துப் படித்து அவளாகப் பிடித்துக்கொண்டது. முதலில் சைகையில் முழுசாகப் புரியவை, அதிலிருந்து ஆங்கிலத்துக்குப் பாலம் போடு என்று அவள் விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்த விதம்தான் பிற்பாடு எங்கள் இருமொழிப் பயிற்சி ஆனது. விதை அவளுடையது. மிஸ்யே செய்தது என்னவென்றால், மேலிடத்திலிருந்து சைகை மொழி கட்டாயம் என்று உத்தரவு வந்தபோது அதில் கையெழுத்துப் போட்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று ஒரு வசனம் உண்டு. உருவப் படத்துக்குக் கீழே அதைப் பொறிக்கலாம்.

பிற்பாடு நான் மையத்தில் பயிற்றுநர் ஆனேன். பயிற்சிக்கு வரும் காது கேட்கும் ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்வார்கள். நானும் செய்தேன். வாயால் பேசிக்கொண்டே கையால் சைகை செய்வது. நமக்கு நம் குரல் கேட்கிறது, அதனால் முழு வாக்கியமும் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். கை எதைச் சொன்னது என்று கவனிப்பதே இல்லை. இதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். பாடம் நடத்துவதைச் செல்போனில் இரண்டு நிமிஷம் படம் பிடிப்பேன். ஒலியை நிறுத்திவிட்டு ரோசலினிடம் கொடுப்பேன். கை சொன்னதை மட்டும் அவள் ஒரு தாளில் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அந்தத் தாளை, பாடம் நடத்தியவரே வகுப்புக்கு உரக்கப் படிக்க வேண்டும்.

ஒரு முறை ஒரு ஆசிரியை, மழை வந்ததால் நேற்று ராமுவின் அம்மா சந்தைக்குப் போகவில்லை என்று கணீரென்று பேசி நடத்தினார். ரோசலினின் தாளில் இருந்தது: அம்மா, சந்தை, மழை, போ. அம்மா போனாளா, போகச் சொல்கிறார்களா? யாருடைய அம்மா? என்றைக்கு? கீழே ஒரு குறிப்பு வேறு: இந்த டீச்சருக்கு வளையல் அழகு. அந்த ஆசிரியை அன்று அழுதுவிட்டார். பிறகு அவரைப் போல் நன்றாகச் சைகை செய்தவர் அந்த வருஷத்துப் பயிற்சியில் யாரும் இல்லை.

இப்படி இரண்டு வருஷம் மற்றவர்களைத் திருத்திய ரோசலின் ஆசிரியை இல்லை. சான்றிதழ் கிடையாது. அதனால் அவளை நானே விண்ணப்பிக்க வைத்து, அதே பயிற்சியில் மாணவியாகச் சேர்த்தேன். காது கேளாத ஒருத்தி ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தது எங்கள் மையத்தில் அதுதான் முதல் தடவை. எழுத்துத் தேர்வு எல்லாம் பாஸ். மிச்சம் இருந்தது பிராக்டிக்கல். வெளியூரில் இருந்து மார்க் போட வரும் எக்ஸ்டர்னல் முன்னால் நாற்பது நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். தவறினால் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தவறினால் இரண்டு வருஷப் படிப்பை மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எக்ஸ்டர்னல் நல்ல மனிதர், மரியாதை தெரிந்தவர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம், கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். காது கேளாதோர் கல்வியில் பெரிய பட்டம் வாங்கியவர். ஆனால் சைகை மொழியில் "வணக்கம்" தவிர வேறு தெரியாது. அதனால் ரோசலின் சைகையில் சொல்வதை அவருக்காகக் குரலில் சொல்ல நான் உட்கார்ந்தேன். எங்கே உட்கார்ந்தேன்? அவருக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில். அவர் நாற்பது நிமிஷமும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் ஒருத்தி எட்டுப் பிள்ளைகளோடு என்னவெல்லாம் செய்தாள் என்பதை அவர் பார்க்கவே இல்லை.

பாடம், காரணத்தைச் சேர்த்து வாக்கியம் எழுதுவது. பிள்ளைகள் சைகையில், லேட்டாக வந்தேன், ஏன், பஸ் ரிப்பேர் என்று சொல்வார்கள். நடுவில் புருவத்தைத் தூக்கி ஒரு "ஏன்" வரும். அந்தப் புருவம் தூக்கும் இடத்தில்தான் ஆங்கிலத்தின் காரணச் சொல் உட்கார வேண்டும் என்று ரோசலின் பலகையில் காட்டினாள். எட்டுப் பிள்ளைகளும் புருவத்தைத் தூக்கிக்கொண்டே ஆங்கிலத்தில் எழுதினார்கள். இருபது வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு பாடத்தை நான் பார்த்ததில்லை.

முடிந்ததும் எக்ஸ்டர்னல் எழுந்து, "ரொம்ப நல்லா நடத்துனீங்க மேடம்" என்றார். என்னிடம். நான் இல்லை சார், அவள் என்றேன். ஆமாம் ஆமாம் என்று சிரித்தார். படிவத்தை நீட்டினார். வகுப்பில் உடன் இருந்தவர் யார் என்று ஒரு இடம். பார்வையாளர், உதவியாளர் என்று இரண்டு கட்டம். பார்வையாளர் வாய் திறக்கக் கூடாது, நான் திறந்திருக்கிறேன். சரிதானே என்று உதவியாளர் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. ரோசலின் தேறவில்லை. காரணம்: பயிற்சி மாணவர் பிறர் உதவியின்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டும் என்ற விதி மீறப்பட்டுள்ளது. ஆதாரம்: என் கையெழுத்து.

அவளுக்கா உதவி? அவளுக்கு நான் ஒரு சாக்பீஸ்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த அறையில் பாடம் புரியாமல் உதவி தேவைப்பட்டது ஒரே ஒரு ஆளுக்கு, அவர்தான் மார்க் போட வந்தவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதற்குக் கோணல் சான்றிதழ் எழுதிக் கொடுத்தவள் நான்.

மிஸ்யே அறைக்குப் போனேன். விதியைத் தவறாகப் படித்திருக்கிறார்கள், தேர்வாணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்றேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். டையின் முனை. இடது பக்கம், வலது பக்கம். பிறகு உதட்டை விரித்து, "நீதான கையெழுத்துப் போட்ட?" என்றார். உண்மைதான். அதோடு விட்டிருந்தால் இன்று நானும் அவர் படத்துக்குப் பூப் போட்டிருப்பேன். அவர் விடவில்லை. குரலை இறக்கி, "இந்தப் பொண்ணு பாஸாச்சுன்னா, நாளைக்கி எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றார்.

வரட்டுமே. வருவதற்குத்தானே பள்ளிக்கூடம்? இதை அப்போது சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன். போய்விட்டவரைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளிடம் வாயைத் திறந்து பேசு, முழுசாகப் பேசு என்று சொன்னவர் அவர். அவர் சொன்னபடி இப்போது பேசுகிறேன்.

இரண்டாவது வாய்ப்புக்குத் தேதி வந்தது. அதே எக்ஸ்டர்னல். நான் என் பங்குக்குத் திட்டம் போட்டேன்: இந்த முறை முன்னால் உட்காருவேன், மொழிபெயர்ப்பாளர் என்று தனியாகக் கடிதம் வைப்பேன், கட்டத்தில் டிக் போட மாட்டேன். ரோசலின் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்று சொன்னாள். சைகையில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லை, விரலால் சுட்டினால் தீர்ந்தது. இங்கே மரியாதை நான் சேர்த்துக்கொண்டது.

"நீங்க வர வாணாம்."

அவருக்கு ஒன்றும் புரியாதே என்று பதறினேன். இதிலும் போனால் இரண்டு வருஷம் போச்சு என்றேன்.

"புரிய வாணாம். நாப்பது நிமிஷம்தான். நான் பன்னெண்டு வருஷம் அப்பிடித்தான் உக்காந்திருந்தேன், உங்க கிளாஸ்ல."

என் திட்டத்தை அன்றோடு கைவிட்டேன்.

அன்று நான் வராந்தாவில் நின்றேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருந்து நாற்காலி இழுபடும் ஓசையும் சாக்பீஸ் கிறீச்சிடும் ஓசையும் தவிர எதுவும் கேட்கவில்லை. மிஸ்யே ஒரு முறை அந்தப் பக்கமாக வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார். நாற்பது நிமிஷத்தில் எக்ஸ்டர்னல் வெளியே வந்தார். கையில் பிள்ளைகளின் எட்டு நோட்டும் இருந்தன. கேட்டுப் புரியாததை அவர் படித்தாவது பார்த்தாக வேண்டும் அல்லவா? படித்திருக்கிறார். வராந்தாவிலேயே நின்று இன்னொரு முறை படித்தார்.

பிற்பாடு அந்த நோட்டுகளை நான் பார்த்தேன். கனகசெட்டிக்குளத்துப் பெண் ஒருத்தி, காற்று பலமாக இருந்ததால் அப்பா கடலுக்குப் போகவில்லை என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதியிருந்தாள். இன்னொருத்தி, தம்பி என் பென்சிலை உடைத்ததால் அம்மா என்னை அடித்தாள், இது நியாயம் இல்லை என்று எழுதியிருந்தாள். கடைசி நோட்டில் இப்படி இருந்தது: "யாரும் பேசாததால் இந்த ஐயா கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்."

ரோசலின் பாஸ். குரல் தெளிவு என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தார். குறிப்பு என்ற இடத்தில், பாடம் சிறப்பு, எனினும் குரலைப் பயன்படுத்த முயற்சி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். திருந்துவேனா பார் என்று சில பேர் இருக்கிறார்கள்.

பாஸ் ஆன பிறகாவது விட்டார்களா? ஆசிரியப் பயிற்றுநர் வேலை கேட்டவளுக்குச் சைகை உதவியாளர், தற்காலிகம் என்று உத்தரவு கொடுத்தார்கள். தற்காலிகம் பன்னிரண்டு வருஷத்தைத் தாண்டிவிட்டது. இன்று அந்த மையத்தில் இருந்து வெளியே போகிற ஒவ்வொரு ஆசிரியரின் கையும் அவள் திருத்திய கை. கட்டுரை கேட்டு வந்த இரண்டு பேருடையதும்தான். நான் ஓய்வு பெற்ற நாளில் இருந்து என் நாற்காலி காலியாக இருக்கிறது. அதற்கான தகுதிப் பட்டியலில் "தெளிவான குரல்" என்று ஒரு வரி இன்னும் இருக்கிறது. நாற்காலியின் வேலையை ரோசலின் பார்க்கிறாள், நாற்காலி மட்டும் அவளுக்கு இல்லை. விழா முடிந்ததும் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்று வந்த பிள்ளைகள் சொன்னார்கள்.

மலர்க் குழுவுக்கு என் பதில் இதுதான். கட்டுரையை வெட்டாமல் போடுங்கள். படத்தைத் திறப்பதற்கு முன்னால் தகுதிப் பட்டியலில் அந்த ஒரு வரியை அடியுங்கள். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நான் விழாவுக்கு வருவேன். நினைவுரையை நான் சொல்லப் போவதில்லை, ரோசலின் சொல்வாள். அவளிடம் கேட்டுவிட்டேன், சம்மதம் என்றாள். நாற்பது நிமிஷம் போதும் என்றாள். நான் அவள் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவள் சொல்வது புரியாதவர்களுக்காக ஒரு படிவம் தயார் செய்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கட்டம்தான், "உதவி பெற்றவர்". தலைமை தாங்குபவரில் தொடங்கி, யாருக்கு வேண்டுமோ அவர்கள் அதில் டிக் போட்டுக் கையெழுத்துப் போடட்டும். போட்ட பிறகு குரல் கொடுக்கிறேன்.